எரியாத குருத்தோலைகள்

பழைய நாலாம் வகுப்புத் தோழர்களுக்கு,

பள்ளியின் பசுமை விழாவில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள் என்ற செய்தி நம் வாட்ஸப் குரூப்பில் வந்ததும், ஆளாளுக்குக் கைதட்டலும் செடிப் படமுமாகப் போட்டுத் தள்ளிவிட்டீர்கள். ‘நம்ம பச்சை ரிப்பன் லீடர்’ என்றான் ஒருத்தன். ‘ஓசோன் ஓட்டையை அடைச்சவ’ என்றாள் இன்னொருத்தி. யாரோ அந்தப் பழைய போட்டோவையும் தேடிப் பிடித்துப் போட்டிருந்தீர்கள். பள்ளிக்குப் பச்சைக் கொடி கிடைத்த அன்று எடுத்தது. கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பவள் நான். தெற்றுப்பல் தெரியச் சிரிக்கிறேன்.

குரூப்பில் ஒருத்தி மட்டும் எதுவும் போடவில்லை. என் பெஞ்சுக்காரி. அவள் ஏன் போடவில்லை என்று எனக்குத் தெரியும்.

கண்ணாடி இல்லாமல் போன் பார்க்க முடியாத வயது வந்துவிட்டது நமக்கு. இனியும் மூடி வைத்து என்ன செய்யப் போகிறேன்? அந்த வருஷம் நான் ஒரு மனிதரின் வேலையையும் அவர் குடியிருந்த அறையையும் போக்கினேன். போட்டோவில் இருக்கும் கொடி அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ‘வாய்ஸ் மெசேஜா அனுப்பேன்’ என்று சொல்லாதீர்கள். நடுவில் அழுதுவிடுவேன்.

மிஸ் வந்தது தசரா லீவு முடிந்த வாரத்தில். பெங்களூரில் டீச்சர் ட்ரெயினிங் முடித்த கையோடு வந்தவர். சயின்ஸும் மறைக்கல்வியும் இரண்டும் அவருக்கே கொடுத்திருந்தார்கள். அதனால் நமக்கு இரண்டும் ஒன்றாகவே புகட்டப்பட்டன. கடவுள் முதல் மனிதர் இருவரையும் ஒரு தோட்டத்தில் விட்டு, பார்த்துக்கொள்ளச் சொன்னார், அவர்கள் பழத்தைத் தின்றதோடு தோட்டத்தையும் பார்க்காமல் விட்டார்கள், இனி அந்த வேலை நாலாம் வகுப்பு ‘பி’ பிரிவினுடையது. இதுதான் மிஸ்ஸின் சுருக்கம். நாம் முழுசாக நம்பினோம்.

போர்வை பாடம் நினைவிருக்கிறதா? பூமிக்கு மேலே புகை ஏறி ஏறி ஒரு கம்பளியாகிவிடும், அதனால் பூமிக்குக் காய்ச்சல் வரும் என்று சொல்லி, மத்தியான வெயிலில் நம் வகுப்புக் குள்ளனை நிற்க வைத்துக் கம்பளியால் மூடினார். ஐந்து நிமிஷத்தில் அவன் வேர்த்துக் கதறுவான், நமக்குப் புரியும் என்பது திட்டம். அவன் உள்ளேயே நின்றுகொண்டு தூங்கிவிட்டான். உலுக்கி எடுத்தபோது, ‘இன்னும் கொஞ்ச நேரம் மிஸ்’ என்றான். அவன் இப்போது துபாயில் ஏசி கம்பெனி நடத்துகிறான். சரியான ஆள்.

சிரித்தாலும், மிஸ் சொன்னது ஒன்றும் பொய் இல்லை. நாம் சின்னவர்களாக இருந்தபோது மைசூரில் எத்தனை வீட்டில் ஃபேன் இருந்தது? எங்கள் வீட்டில் இல்லை. இந்த ஏப்ரலில் ஃபேன் போட்டும் உட்கார முடியவில்லை. அந்தப் பெண் இருபத்திரண்டு வயதில் தனியாக நின்று கத்திக்கொண்டிருந்தது இதைத்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம் உண்டு. அது அந்த நோட்டினால்.

நீல அட்டை போட்ட சாட்சி நோட்டு. ஆளுக்கு ஒன்று. வீட்டிலோ தெருவிலோ கோயில் வளாகத்திலோ யார் தண்ணீரை வீணாக்கினார்கள், யார் கசத்தை, அதுதான் குப்பையை, கால்வாயில் கொட்டினார்கள், யார் சருகு எரித்தார்கள் என்று தேதி போட்டு எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அதிகம் எழுதியவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ளப் பச்சை ரிப்பன். எரிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய குற்றம், அதற்கு மூன்று மடங்கு மதிப்பு.

நான் முதல் வாரமே என் அம்மாவை எழுதினேன். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், நைட் டூட்டி முடித்து வந்து குளியலறையில் ஹண்டே என்கிற பெரிய அண்டாவுக்கு அடியில் தேங்காய் மட்டை எரித்து வெந்நீர் காய்ச்சுவார். அந்த அடுப்பையும் புகையையும் நாலு வரியில் எழுதி வாசித்தேன். விஷயம் அம்மா காதுக்குப் போனது.

“ஓஹோ. உங்க மிஸ்ஸை டிசம்பர் மாசம் பச்சைத் தண்ணியில குளிக்கச் சொல்லு. அப்புறமா வந்து எழுதட்டும்” என்றார் அம்மா. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், கோயில் பேரவையிலும் உறுப்பினர். அவர் பேப்பரை இறக்காமலே, “சும்னே விடும்மா. குழந்தை நல்லதுதானே எழுதுது” என்றார்.

குழந்தை எழுதுவதெல்லாம் நல்லது என்று அப்பா நம்பினார்.

மணி மாமாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பள்ளியும் கோயிலும் ஒரே மதிலுக்குள் இருந்தன அல்லவா, அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை அவர். மணியடிப்பது, பீடத்து விரிப்பு மாற்றுவது, மெழுகு சுரண்டுவது, வளாகம் பெருக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. காதில் கடுக்கன் போட்ட தழும்பு, முழங்கால் வரை மடித்த வேட்டி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெழுகுத் துண்டு. சொந்த ஊர் கொள்ளேகாலுக்கு அப்பால் மார்டள்ளி, தமிழ்நாட்டு எல்லையோரம். நம் மைசூர்த் தமிழ் மாதிரி பாதி கன்னடமாக இருக்காது அவர் பேச்சு. நம் எல்லாரையும் ‘அம்மிணி’, ‘கண்ணு’ என்பார். நாம் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவோம், அவரும் சிரிப்பார். கோயிலுக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்பு இறக்கிய ஒற்றை அறையில் அவரும் அவர் மனைவியும். அந்தம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருக்கும், வாசற்படியில் உட்கார்ந்தபடியே இருப்பார்.

குழி வெட்டியது மணி மாமாதான். மிஸ் கேட்டதும் தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால் இடுப்பளவு ஆழத்துக்கு இரண்டு நாளில் வெட்டிக் கொடுத்தார். சருகு ஒரு அடுக்கு, சாணிக் கரைசல் ஒரு அடுக்கு, மண் ஒரு அடுக்கு. ‘மைசூரில் வேறெந்தப் பள்ளியிலும் இல்லாத எருக்குழி’ என்று பெரிய சிஸ்டர், அதுதான் நம் தலைமையாசிரியை, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

குழி வெட்டிய மனிதரே தினமும் விடியற்காலையில் தன் அறைக்குப் பின்னால் சருகு எரித்துக்கொண்டிருந்தார். பூசைக்குச் சீக்கிரம் வரும் எனக்கு அந்தப் புகை தெரியும். தூங்குமூஞ்சி இலையும் யூகலிப்டஸ் இலையும் சேர்ந்து எரிகிற வாசனை. உண்மையைச் சொன்னால் அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஏழு நாள், ஏழு தேதி எழுதினேன். வெள்ளிக்கிழமை வாசித்தேன். அன்று பெரிய சிஸ்டரும் வகுப்புக்கு வந்திருந்தார். ஏழு மூன்று இருபத்தொன்று. ரிப்பன் எனக்கு வந்தது, பிறகு என்னை விட்டுப் போகவே இல்லை.

மணி மாமாவைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள் போலிருக்கிறது. மறுநாள் அவர் என்னைக் கோயில் வாசலில் பார்த்து, “இனி பத்த வெக்க மாட்டனுங் அம்மிணி. அதையும் உன்ற நோட்டுல எழுதிக்கோ” என்றார். கோபமில்லை, கேலிதான். நான் அதையும் எழுதினேன்.

அவர் எதற்காக எரித்தார் என்று நாம் யாரும் கேட்கவில்லை. நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. மனைவியின் காலுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர். ரேஷன் மண்ணெண்ணெய் சோறாக்கவே போதாது, சருகுதான் சும்மா கிடைத்தது. இது எனக்குப் பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் காலுக்கு மருந்து கொடுத்ததே அம்மாதான்.

பிப்ரவரி வந்தது. மறைமாவட்டப் பள்ளிகளில் எது சுத்தமான பள்ளி என்று பார்த்துப் பச்சைக் கொடி கொடுக்கப் போகிறார்கள், எந்த நாளும் ஆட்கள் வரலாம் என்று மிஸ் சொன்னார். அந்த மாதம் முழுக்க மதிலுக்குள் ஒரு இலை எரியக்கூடாது.

நான் கை தூக்கினேன். “எந்த இலையுமா மிஸ்?”

“எந்த இலையா இருந்தாலும். ஆய்த்தா? ஒரே ஒரு இலைன்னாலும் புகை புகைதான்.”

மிஸ் அப்போது எதை நினைத்துச் சொன்னார் என்று இன்று எனக்குத் தெரிகிறது. மரத்தடிச் சருகை நினைத்துச் சொன்னார். என் மண்டையில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

முந்தின ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் அறிவிப்பு வாசித்திருந்தார். போன வருஷத்துக் குருத்தோலைகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் கோயில் முன் இருக்கும் கூடையில் கொண்டு வந்து போடவும். குருத்தோலை ஞாயிறு அன்று மந்திரித்துக் கொடுக்கும் தென்னங்குருத்தை நாம் சிலுவையாகப் பின்னி, சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னால் வருஷம் முழுக்கச் செருகி வைப்போமே, அதுதான். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் அவற்றை எரித்துச் சலித்த சாம்பலைத்தான் மறுநாள் நெற்றியில் பூசுகிறார்கள். பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் சாமியார் அதை விளக்கவில்லை. எனக்குத் தெரியாது. விபூதிப் புதன் சாம்பல் ஆயர் இல்லத்திலிருந்து வெள்ளிக் கிண்ணத்தில் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய ஓலையைக் குப்பையில் போட்டால் பாவம் என்பதால் கூட்டி எரிக்கிறார்கள் என்பது என் முடிவு.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் பெஞ்சுக்காரியை இழுத்துக்கொண்டு போனேன். பெரிய மூங்கில் கூடை, நிறைய வெளிர் பழுப்பில் ஓலைச் சிலுவைகள். கிளிப்பச்சையாக இருந்தவை காய்ந்து முறுகி, தொட்டால் சரசரவென்றன. சிலதில் ஊதுபத்தி வாசனை, சிலதில் சமையலறைப் பிசுக்கு.

“நாளைக்கு இதை எரிச்சிடுவாங்க. மந்திரிச்ச ஓலைடி. புகையாப் போறதை விட மண்ணாப் போறது நல்லதில்லையா?” என்றேன்.

“மிஸ் கிட்ட கேட்டுட்டு எடுக்கலாமே” என்றாள் அவள்.

“கேட்டாச்சு. எந்த இலையா இருந்தாலும்னு சொன்னாங்கல்ல?”

பாவாடையில் அள்ளி அள்ளி நாலு நடை நடந்தோம். கோயிலுக்குப் பின்பக்கம் யாருமில்லை, அந்த நேரத்தில் மணி மாமா மனைவிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவார். குழியில் பரப்பி, மிஸ் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு மாறாமல் சாணிக் கரைசல் ஊற்றி, மண் தூவி, மிதித்து, மேலே ஈரச் சருகு போட்டோம். கடைசியில் இரண்டு பேரும் கை கூப்பி ஒரு ஜெபம் வேறு சொன்னோம். வீட்டுக்குப் போய், ‘ஒரு கூடை மந்திரித்த இலைகளை நெருப்பிலிருந்து காப்பாற்றினோம்’ என்று சாட்சி நோட்டில் முத்து முத்தாக எழுதி, கீழே இரண்டு பேர் பெயரும் போட்டேன். வெள்ளிக்கிழமை வாசிக்கும்போது மிஸ் என்ன சொல்வார் என்று படுக்கையில் நினைத்துப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு தூங்கியதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மணி மாமா சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தபடி அம்மாவிடம் கேட்டார்.

“ஏனுங்க, பழைய குருத்தோல ஒண்ணு ரெண்டு வூட்டுல கெடக்குதுங்களா? கூடை காலியாக் கெடக்குதுங்க. நாய் இழுத்துதோ, ஆரு எடுத்தாங்களோ தெரியல. நாளைக்குச் சாம்பலுக்கு ஒண்ணுமே இல்லீங்க.”

“ஐயோ, நாங்க ஞாயித்துக்கிழமையே கொண்டு வந்து போட்டுட்டோமே” என்றார் அம்மா.

“எல்லா வூட்டுலயும் அதயேதான் சொல்றாங்க.”

திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சாம்பலுக்கு என்ற சொல் காதில் விழுந்ததும்தான் அந்த ஓலை எதற்கென்று எனக்குப் புரிந்தது. அப்போதும் நேரம் இருந்தது. தோண்டி எடுத்துக் கழுவி அடுப்பு மேல் காய வைத்திருந்தால்கூட விடிவதற்குள் சாம்பல் கிடைத்திருக்கும். ஆனால் ஓலையெல்லாம் சாணியில் ஊறிக் கிடக்கிறதே, மந்திரித்ததை அசிங்கப்படுத்திவிட்டோமே என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. அதோடு ரிப்பன். ஒன்பது வயதில் ரிப்பன் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கு அதைக் காரணமாகச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சைக்கிள் செயின் கடகடக்க அவர் அடுத்த தெருவுக்குப் போனார்.

விபூதிப் புதன் காலை ஆறு மணிப் பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. சாம்பல் வரவில்லை. மணி மாமாவுக்கு ஊர் முழுக்க அலைந்து கிடைத்தது மூன்றே மூன்று ஓலை. பக்கத்துப் பங்கிலிருந்து சாம்பல் வாங்கி வர ஒருவர் ஸ்கூட்டரில் போயிருந்தார். முட்டி போட்டபடி எல்லாரும் காத்திருந்தார்கள். ஏழு மணிக்கு மேல் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது, அப்பாவோடு சேர்ந்து ஆண்கள் பாதிப் பேர் வெறும் நெற்றியோடு எழுந்து போனார்கள். வாசலில் முணுமுணுப்பு. “வேற என்ன, மந்திரிச்ச ஓலையப் போட்டுப் பொண்டாட்டிக்கு வெந்நீர் வெச்சிருப்பான்” என்று ஒருவர் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது.

சாம்பல் வந்த பிறகு நானும் வரிசையில் போய் நெற்றியைக் காட்டினேன். திரும்பி வரும்போது பக்கவாசல் வழியாக மணி மாமா தெரிந்தார். மணிக்கயிற்றைப் பிடித்தபடி வெளியே நின்றிருந்தார், உள்ளே வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பேரவை கூடியது. அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபடி அம்மாவிடம் சொன்னார். “அடுத்த மாசக் கடைசியோட வேலை இல்லை, ரூமையும் காலி பண்ணச் சொல்லியாச்சு.”

“அவரா எடுத்தார்னு யார் பார்த்தாங்க?” என்றார் அம்மா.

“அவர் எரிக்கிறது ஊருக்கே தெரியும். பெரிய சிஸ்டர் சொன்னாங்க, குழந்தைங்க நோட்டுல தேதியோட எழுதி வெச்சிருக்குதாம். நம்ம பொண்ணு நோட்டுதான். குழந்தைங்க பொய் சொல்லுமா?”

என் அப்பா கெட்டவர் இல்லை. தெருநாய்க்குக்கூடத் தட்டில் வைத்துத்தான் சோறு போடுவார். அன்று பேரவையில் அவரும் சேர்ந்து கையைத் தூக்கி ஓட்டுப் போட்டதற்கு என் நோட்டுதான் காரணம். அம்மா ஹண்டேயில் தண்ணீர் நிரப்பப் போனார்.

மறுநாள் வெள்ளி. முதல் பீரியடுக்கு முன்பே அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். பாத்ரூம் பக்கம் பெஞ்சுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “சொல்லிடலாம்டி. ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடலாம்” என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். வாயைத் திறந்தால் சாகும்வரை உன்னோடு பேசமாட்டேன் என்று சொல்லி, கழுத்துச் சிலுவையைத் தொட வைத்து அவளிடம் சத்தியம் வாங்கினேன். கிழித்த காகிதத்தைச் சின்னச் சின்னதாக்கி எருக்குழியில் போட்டேன்.

இனி சொல்லப்போவது பெஞ்சுக்காரிக்கும் தெரியாது.

தவக்காலத்து முதல் வெள்ளி என்பதால் மத்தியானம் நம்மையெல்லாம் பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, வரிசையில் கூட்டிப் போனார்கள். முந்தின வருஷம்தான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியிருந்தோம், அதனால் அது நமக்குப் புதுசு. மரத் தடுப்புக்கு முன்னால் முட்டி போட்டதும் எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. மிஸ்ஸிடம் சொன்னால் ரிப்பன் போகும். அப்பாவிடம் சொன்னால் அடி. சாமியாரிடம் இங்கேயே சொல்லிவிட்டால்? மணி மாமாவைப் போகச் சொன்னதும் அவர், இருக்கச் சொல்லக்கூடியவரும் அவர். இங்கே சொன்னதற்கு யாரும் அடிக்க மாட்டார்கள். ஒரே கல்லில் எல்லாம் தீர்ந்தது. கம்பி வலையில் வாயை வைத்துக் கூடை, குழி, சாணி, நோட்டு, மணி மாமா எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன்.

 அந்தப் பக்கமிருந்து சாமியாரின் குரல், கரகரவென்று. “இதை வெளியில வந்து என்கிட்ட சொல்லுவியா அம்மா? ஆபீஸ் ரூமுக்கு வந்து, இதே மாதிரி?”

“இப்பதான் சொல்லிட்டேனே சாமி.”

“இது வேற. அது வேற. வெளியில வந்து ஒரு தடவை சொல்லணும். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஆபீஸ் திறந்துதான் இருக்கும். வருவியா?”

“ம்” என்றேன்.

போகவில்லை. ஒரு தடவை சொன்னதை எதற்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று சத்தியமாக எனக்குப் புரியவில்லை. சாமியாருக்குத் தெரிந்துவிட்டது, அவர் பார்த்துக்கொள்வார் என்று லேசாகிவிட்டது மனசு. அடுத்த வாரம் மறைக்கல்வி வகுப்புக்கு அவரே வந்து, “யாருக்காவது என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா ஆபீஸுக்கு வரலாம். திட்ட மாட்டேன்” என்று பொதுவாகச் சொன்னார். என்னைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒரு சாயங்காலம் ஆபீஸ் வாசலில் இருந்த கொய்யா மரம் வரை போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே சாமியார் மேசை மேல் எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் மரத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். மணி மாமா ஆறு மணி அடித்தார். வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஒரு குரு யாரிடமும் சொல்லக்கூடாது என்பது தெரியும். அதை வைத்து எதையும் செய்யவும் கூடாது, ஒருத்தரைக் காப்பாற்றக்கூட அதைப் பயன்படுத்தக்கூடாது என்று எனக்குத் தெரிந்தது ஒன்பதாம் வகுப்பில். சிஸ்டர் பாடம் எடுத்துக்கொண்டே போனார், நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால், அந்தச் சாமியார் நாலு இடத்தில் விசாரித்திருப்பார், பிள்ளைகளைக் கேட்டிருப்பார், குழியைக் கிளறச் சொல்லியிருப்பார். மணி மாமாவுக்கு உதவக்கூடிய ஒரே மனிதரின் வாயையும் கையையும் கட்டிப்போட்டது நான்தான். இது எனக்குப் புரிந்தபோது சாமியாருக்கு மாற்றலாகி வருஷங்கள் ஆகியிருந்தன. நான் காலேஜ் முடிப்பதற்குள் இறந்தும் போனார். கொய்யா மரத்தடியில் நின்ற பிள்ளைக்காக அவர் எத்தனை நாள் கதவைத் திறந்து வைத்திருந்தாரோ.

மார்ச் கடைசியில் மணி மாமா கிளம்பினார். கடைசி நாள் மத்தியானம் நாம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தோம். அவர் மண்வெட்டியோடு எருக்குழிக்குப் போனார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புரட்டிப் போடுவது அவர் வேலை. அன்று அவர் அதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. நான் வராந்தாத் தூணைப் பிடித்தபடி நின்றேன். சட்டையில் ரிப்பன் இருந்தது.

மண்வெட்டி இரண்டு முறை இறங்கியது. மூன்றாவது முறை கறுத்த சருகோடு ஒரு ஓலைச் சிலுவை மேலே வந்தது. தென்னங்குருத்து அவ்வளவு சீக்கிரம் மக்காது என்று மிஸ்ஸுக்குக்கூடத் தெரிந்திருக்காது. அவர் குனிந்து எடுத்தார். பிறகு இன்னொன்று, இன்னொன்று. கையிலேயே வைத்து மண்ணைத் துடைத்தார். நிமிர்ந்து வராந்தாவைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார்.

இப்போது கத்துவார், இப்போது ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு ஓடுவார் என்று நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவர் அந்தச் சிலுவைகளை ஒவ்வொன்றாகக் குழிக்குள் வைத்து, மேலே சருகை இழுத்து மூடினார். மண்வெட்டியைக் கழுவி மரத்தில் சாய்த்துவிட்டு என் பக்கமாக வந்தார்.

“குழி காஞ்சு கெடக்குது அம்மிணி. தெனமும் கொஞ்சம் தண்ணி தெளிச்சு வுடு” என்றார்.

நான் தலையாட்டினேன். சாயங்காலம் கொள்ளேகால் பஸ் பிடிக்க ஒரு தகரப்பெட்டியோடும், கால் வீங்கிய மனைவியோடும் அவர் கேட்டைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். ஏப்ரலில் பச்சைக் கொடி நமக்குக் கிடைத்தது. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள், பின்னால் மணிக்கயிறு தெரிகிறது, வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள்.

என் கணவருக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்து வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேலாக, குருத்தோலைக் கூடை எந்தக் கோயிலில் வைத்தாலும் என் ஓலையை நான் அதில் போட்டதில்லை. பீரோவின் அடித்தட்டில் ஒரு பழைய புடவையில் சுற்றி அடுக்கியிருக்கிறேன். பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை வேறு. போன மாதம் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு மார்டள்ளிக்குப் பஸ் ஏறினேன். அவர் உயிரோடு இருக்க மாட்டார் என்று தெரியும். பிள்ளைகள் இருக்கலாம், தம்பி மக்கள் இருக்கலாம், கல்லறையாவது இருக்கும். யாராவது ஒருத்தரிடம் இதைச் சொல்லிவிட்டு மூட்டையைக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பதுதான்.

கோயில் பக்கத்துக் கடையில் ஒரு பெரியவரிடம் விசாரித்தேன். மைசூரில் கோயில்பிள்ளையாக இருந்தவர், மணியடித்தவர், மனைவிக்குக் கால் வீக்கம் என்று அடையாளமெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இங்கெ பாதிப் பேரு மைசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவங்கதானுங்களே. பேரு என்னுங்க?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

அவர் எரித்ததை என் நோட்டில் ஏழு இடத்தில் எழுதியிருக்கிறேன், ஏழிலும் ‘மணி மாமா’ என்றுதான் எழுதினேன். அம்மா அப்பா இருவரும் போய்விட்டார்கள், கேட்க ஆளில்லை. பழைய பேரவைக் குறிப்பில் ‘கோயில்பிள்ளை’ என்று மட்டும்தான் இருக்கிறதாம். மூட்டையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

விழாவுக்கு நான் வருவேன். எருக்குழி பற்றியும், இந்த வெயில் பற்றியும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வேன், அது எல்லாம் உண்மைதான். அதற்கு முன்னால் இந்தக் கதையை, குழி வெட்டியவர் யார் என்பதிலிருந்து சொல்லப் போகிறேன். பெஞ்சுக்காரியே, நீ தொட்ட அந்தச் சிலுவைச் சத்தியத்திலிருந்து உன்னை விட்டுவிட்டேன். உன்னை அன்று அழவைத்ததற்கு மன்னித்துக்கொள்.

மற்றவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். கைதட்டல் வேண்டாம். உங்கள் வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால் போய்க் கேளுங்கள். விழா வரும் சனிக்கிழமை. அதற்குள் மணி மாமாவின் பெயர் என்ன என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.